வெயிலில் நின்ற தட்டாம்பயறு

என் செல்ல அப்பாவுக்கு,

உங்கள் கோபக்காரி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் மூட்டு வலியும் கிடையாது, மேகத்தை அண்ணாந்து பார்க்கிற வேலையும் கிடையாது என்று கேள்வி. இங்கே அம்மாவும் நானும் நலம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "விசயத்துக்கு வா தாயி" என்று பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். நம் காட்டை விதைத்துவிட்டோம் அப்பா. சோளம் மட்டுமல்ல, ஊடே தட்டாம்பயறும் துவரையும் எப்போதும் போலப் போட்டிருக்கிறோம். பயறு இலை விரித்து, நல்ல வெயிலில் பச்சையாக நிற்கிறது.

எது வெயிலில் நிற்கிறது என்று இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும் இல்லை. நம்மைப் போலப் பயந்துபோய் நிலத்தைச் சும்மா போட்டிருப்பவர்கள் யாராவது படிக்கட்டும் என்று ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் சொல்லியாக வேண்டும். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதைதான். ஆனால் அதற்குள்ளே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமலே போய்விட்டீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

பரளச்சி பக்கத்துக் கரிசலில் யாரும் தனிச் சோளம் விதைப்பதில்லை. நாலு சால் சோளம் என்றால் ஒரு சால் பயறு. மழை ஏமாற்றினால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். சோளம் மாட்டுக்கும் மனுஷருக்கும், பயறு குழம்புக்கும் கைச்செலவுக்கும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, நடக்கப் பழகியது போலப் பழகியது. அந்த வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. பயிரோடு களையும் மண்டிக்கொண்டு வந்தது. அம்மா அப்போதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டு, குனிந்தால் நிமிர முடியாமல் இருந்தாள். களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்தாலும் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிற மாமா ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தார். களைக்கொல்லி மருந்து. "எங்க பண்ணையில சோளத்துக்கு இதத்தான் அடிக்கிறாக மச்சான். சோளத்துக்கு ஒண்ணும் ஆகாது. களை மட்டும் கருகிப் போகும்" என்றாராம். மாமா சொன்னது பொய்யில்லை. அந்தப் பண்ணையில் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம் மட்டும்தான். மருந்து தயாரித்தவர்களுக்கும், சோளத்துக்கு நடுவே பயறு என்று ஒன்று நிற்கும் என்று தோன்றியிருக்காது. உங்களுக்கோ, பயறு இல்லாமல் சோளம் நிற்கும் என்று தோன்றவே தோன்றாது. பயறு சோளத்தோடு சேர்த்திதானே என்று இருந்துவிட்டீர்கள்.

நான் அப்போது மதுரையில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கார்டு எழுதிப் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா அப்பா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். ஆனால் கேட்டிருந்தால் மட்டும் எனக்குத் தெரிந்திருக்குமா என்றும் யோசிக்கிறேன்.

மருந்தடித்த சில நாளில் களை மஞ்சளடித்ததும் டீக்கடை வரைக்கும் போய்ப் பெருமை பேசிவிட்டு வந்தீர்களாம். அதற்குப் பின்னால் பயறு இலையின் ஓரம் வெளுத்தது. வெளுத்த இடம் காய்ந்து நெருப்பு நக்கியது போல ஆனது. சோளம் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி தளதளவென்று வளர்ந்தது.

அதோடு போயிருந்தால் ஒரு வருஷத்து நஷ்டம் என்று விட்டிருப்போம். மறு வருஷம் மழையும் இல்லை. கிடைத்த ஈரத்தில் நீங்கள் பயறு ஊன்றினீர்கள். முளைத்தது. பருப்பு இரண்டாகப் பிளந்து தலையைத் தூக்கி வந்ததைப் பார்த்து, அம்மா அய்யனார் கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். இலை விரிந்தது. விரிந்த இலை ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தது. அந்த வருஷம் நீங்கள் மருந்தே அடிக்கவில்லை. அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? மண் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

மார்வலி என்று உங்களை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோமே, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் காடுகளையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். "மண்ணக் கொன்னுட்டேன் தாயி" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாம வாங்கப்பா" என்றேன். எனக்கும் பதில் தெரியாத காலம் அது. நாலு நாள் கழித்து உங்களை அதே சாலையில் திருப்பிக் கொண்டுவந்தோம்.

காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு சித்தப்பா அம்மாவிடம் பேச்செடுத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உங்கள் தம்பிதானே, உங்களைப் போலவே பட்டென்று பேசுவார்.

"மதினி, அந்தக் காட்ட இனி உழுது என்ன செய்ய? சீமைக்கருவேல வெதயத் தூவி விட்ருவோம். அதுக்கு எந்த மண்ணும் ஒண்ணுதான். வளந்தா வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிறலாம். நான் பாத்துக்கிறேன்."

நான்தான் துள்ளினேன். "ஒரு தரம் கருவேல் ஏறிச்சுன்னா அப்புறம் அந்தக் காட்டுல ஏர் எறங்குமா சித்தப்பா?"

"எறங்காதுதான். எறங்கி என்ன ஆகப் போகுது?"

அடுத்த புரட்டாசி வரைக்கும் பொறுங்கள் என்று கேட்டேன். அவரும் சரியென்றார். பொறுத்தால் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெரியாது. அவர் எதிரே தோற்றுப்போகக் கூடாது என்று வாயை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். மாட்டுத் தொழுவத்தின் மச்சில் சொருகியிருந்த அந்த டின்னை எடுத்து, அடியில் மீதியிருந்த கொஞ்சம் தூளோடு துணியில் சுற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன். அம்மா வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

படிப்பு முடிந்து அதே கல்லூரியில் செய்முறை வகுப்பு பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. மாணவிகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவோம். பசலைக்கீரையை ஐஸில் வைத்துக் குளிர்ந்த நீரில் அரைத்து, வடிகட்டி, பச்சைச் சாற்றைச் சுழற்றி எடுத்தால் அடியில் கொஞ்சம் பச்சை படியும். இலைக்குள்ளே சமையல் நடக்கிற அறைகள் அவை. அதில் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் வைத்தால் நீலம் மெல்ல மெல்லப் போய்விடும். வெளிச்சம் பட்டதும் தண்ணீரிலிருந்து எலெக்ட்ரான் என்கிற மிகச் சின்னப் பொருள் கிளம்பிக் கைமாறி வந்து சாயத்தில் சேருகிறது, அதனால்தான் நிறம் போகிறது. பலமுறை செய்த சோதனைதான். அன்றைக்கு இரண்டு குழாயில் எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் உங்கள் டின்னிலிருந்து ஊசிமுனையளவு தூளைக் கரைத்து விட்டேன்.

ஒரு குழாயில் நீலம் போனது. உங்கள் குழாயில் போகவே இல்லை. விளக்கை இன்னும் பக்கத்தில் வைத்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

அப்பா, நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். மாணவிகள் பயந்துவிட்டார்கள். துக்கத்தில் அழவில்லை. உங்கள் மருந்து எதையும் கொல்லவில்லை, ஒன்றைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவுதான் என்று அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன்.

எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். கண்மாய் வெட்டும்போது ஆள்கள் வரிசையாக நின்று மண்சட்டியைக் கைமாற்றிக் கரைக்கு ஏற்றுவோமே, அது போலத்தான் இலைக்குள்ளும். இலையின் பச்சை அறைகளுக்குள் மிக மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தப் படலத்தில் புரதங்கள் வரிசையாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிடமிருந்து ஒன்று எலெக்ட்ரானை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். சும்மா வாங்கிக் கொடுப்பதோடு போகாது. முன்னால் இருக்கிறவர் கை நிறைந்திருந்தால் பின்னால் இருக்கிறவர் நிறுத்திக்கொள்வார். வெயில் அதிகமானால் உள்ளே வாங்குவதைக் குறைத்து, மிஞ்சிய வெளிச்சத்தை வெப்பமாக வெளியே விட்டுவிடும். ஒரு பக்கம் வெளிச்சம் கூடிப்போனால் இன்னொரு பக்கம் திருப்பிவிடுகிற ஏற்பாடுகூட அந்தப் படலத்தில் இருக்கிறதாம். இதையெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எழுதுகிறார்கள். கல்லூரி நூலகத்தில் புது இதழ் வந்தால் நான்தான் முதலில் போய் நிற்கிறேன்.

உங்கள் மருந்து என்ன செய்கிறது தெரியுமா? அந்த வரிசையில் ஒரு புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அது எந்தப் புரதம் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டதும் கைமாற்றுவது நின்றுபோகிறது. வெயிலோ நிற்பதில்லை. வெளிச்சம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, போக வழியில்லை. அந்த வெளிச்சமே இலையைச் சுட்டுவிடுகிறது. பயறை மருந்து கருக்கவில்லை அப்பா, நம் ஊர் வெயில்தான் கருக்கியது. முளைக்கும்போது ஒன்றும் ஆகாததற்கும் அதுதான் காரணம். அப்போது அது பருப்பில் இருக்கிற சோற்றைத் தின்றுகொண்டிருக்கும், இலைக்குச் சமையல் வேலை ஆரம்பித்திருக்காது. சோளம் தப்பித்தது எப்படி என்றால், அதற்கு அந்த மருந்தைப் பிரித்துப்போடத் தெரியும். பயறுக்குத் தெரியாது, பாவம்.

வரப்போரத்து வேலமரத்தடியில் இருந்த பயறு மட்டும் கொஞ்ச நாள் கூடத் தாக்குப்பிடித்தது என்று நீங்கள் ஒரு தரம் சொன்னீர்கள். அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை. இப்போது அது அர்த்தமாகிறது.

மண்ணுக்கு என்ன ஆனது என்பது மிச்சக் கேள்வி. மண்ணில் தங்கியிருக்கிற மருந்தை மழையும், மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் மெல்லத் தின்று தீர்க்கும் என்று படித்தேன். ஈரம் இல்லாவிட்டால் தாமதமாகும். நம் கரிசல் போன்ற மண்ணில் இன்னும் தாமதமாகுமாம். மறு வருஷம் மழையே இல்லையே! தீராமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நீங்கள் இல்லாத அந்த வருஷத்தில் மழை கொட்டித் தீர்த்தது. அப்படியானால் இப்போது தீர்ந்திருக்குமா? அதைப் புத்தகம் சொல்லாது. பயறுதான் சொல்ல வேண்டும்.

ஆவணியில் விடுமுறைக்கு வந்து, காட்டின் நாலு பக்கமும் நடுவிலும் மண் எடுத்துப் பழைய சட்டிகளில் போட்டு சட்டிக்கு நாலு பயறு ஊன்றினேன். பக்கத்துக் காட்டு மண்ணிலும் ஒரு சட்டி, ஒப்பிட்டுப் பார்க்க. "வெயில்ல வை, தண்ணி தெளிச்சிக்கிட்டிரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். அடுத்த வாரம் வந்தால் எல்லாச் சட்டியிலும் பச்சை! அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சித்தப்பாகூட வந்து குனிந்து பார்த்தார். எனக்கும் ஒரு நிமிஷம் கால் தரையில் இல்லை. அப்புறம்தான் சட்டிகள் இருந்த இடத்தைப் பார்த்தேன். தொழுவத்துக் கூரைக்குக் கீழே, நல்ல நிழலில், மேலே பழைய சாக்கு வேறு தொங்கவிட்டிருந்தாள்.

"வெயில்லதான வைக்கச் சொன்னேன்?"

"அந்த வெயில்லயா? பச்சப் புள்ளைகள அதுல வைப்பாகளா? கருகிறாது?"

"கருகுதா இல்லையான்னு பாக்கத்தாம்மா வைக்கச் சொன்னது!"

"நெழல்ல நல்லாத்தான இருக்கு. உனக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? ரெண்டு தரம் பாத்தாச்சு. மூணாந்தரமும் நான் பாக்கணுமா?"

சட்டிகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள் அப்பா. என்னால் அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை, என்னாலேயே முடியவில்லை. நிழலில் மருந்து இருந்தாலும் இலைக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? நாம் விதைக்கப் போவது தொழுவத்தில் இல்லையே. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, அந்த நீலக் குழாய் கதை முழுவதும் சொன்னேன். புரதம் என்றதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்போ அவுக அடிச்ச மருந்து, செடியக் கொல்லலையா?"

"இல்லம்மா. கையக் கட்டிப் போட்டுச்சு. வெயிலு கொன்னுச்சு."

"எனக்கு இடுப்பு வலின்னுதான அத வாங்குனாக" என்றாள். அப்புறம் அவளே எழுந்து ஒவ்வொரு சட்டியாகத் தூக்கி முற்றத்தில் வெயிலில் வைத்தாள்.

நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை இலை ஓரத்தைப் பார்ப்பது. அம்மா பார்க்க வரமாட்டாள், அடுப்படியிலிருந்தே "என்னாச்சு?" என்பாள். வடகிழக்குச் சட்டியில் மட்டும் ஓரம் வெளுத்தது. மருந்துத் தெளிப்பானைக் கழுவிக் கொட்டிய மூலை அது என்று சித்தப்பா சொன்னார். மற்றதும் அப்படிப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. மற்ற எல்லாச் சட்டியும் பக்கத்துக் காட்டு மண் சட்டி போலவே மூன்றாம் இலை, நாலாம் இலை என்று விட்டுக்கொண்டே போனது.

சித்தப்பா ஒரு நாள் மத்தியானம் சட்டிகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏ பேச்சி, இந்த மூலைய மட்டும் விட்டுட்டு மிச்சத்த உழுதுருவோமா?" என்றார். கருவேலைப் பற்றி அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. அவரே ஏர் பூட்டினார், அவரே சால் பிடித்தார். பயறு ஊன்றியது அம்மா. இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் ஊன்றினாள், ஒருவரையும் கிட்டே விடவில்லை.

இந்த ஐப்பசியில் மழை அளவாகப் பெய்தது. களையும் வந்திருக்கிறது, கவலைப்படாதீர்கள், கையால்தான் எடுக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் களை எடுத்துக்கொண்டிருந்தோம். நரிக்குடிப் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பாதையோரம் நின்றுவிட்டார். போன வருஷங்களில் நம் காட்டில் ஆட்டைக்கூட இறக்க மாட்டேன் என்றவர். பயறைப் பார்த்துவிட்டு அவருக்கு இடமே அடையாளம் தெரியவில்லை.

"ஆத்தா, இது யாரு காடு? இம்புட்டுப் பச்சையா நிக்குது?"

அம்மா நிமிர்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைப் பார்ப்பாள், நான்தான் சொல்வேன். அன்றைக்கும் பழக்கத்தில் நான் வாயெடுத்தேன். அவள் என் தோளில் கைவைத்து நிறுத்திவிட்டு, அவளே சொன்னாள். "முத்துக்கருப்பன் காடு" என்று, சத்தமாக, நிற்கிற பயறெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள் அப்பா.

அந்த வடகிழக்கு மூலையைச் சும்மா போட்டிருக்கிறோம். ஒவ்வொரு ஆவணியிலும் அந்த மண்ணை எடுத்துச் சட்டியில் போட்டு வெயிலில் வைப்பேன். அதில் பயறு கருகாமல் நிற்கிற வருஷம் அந்த மூலையையும் விதைப்போம். அதுவரைக்கும் கருவேல விதை ஒன்று விழுந்தாலும் பொறுக்கி எறிவேன், இது சத்தியம்.

முத்துக்கருப்பன் மகள்,
பேச்சியம்மாள்